அணைக்காதே

வெள்ளி இரவு ஒன்பதரை.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி,
வக்கீல் ஆபீசின் பின்னறை.
பதினொரு சர்வர்கள் ஒன்றாக மூச்சிரைக்கின்றன.
ஏசியைப் பதினெட்டில் வைத்தும்
நெல் அவிக்கிற இடம்போல வெக்கை.

திங்கள் பத்தரைக்குக் கோர்ட்.
அதற்குள் பதினொன்றை இரண்டாக்க வேண்டும்.
ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.
உமையாள் மேடம் எழுதினால்
காற்புள்ளிக்கும் பொருள் உண்டு.

"ரெண்டு பெட்டிக்குள்ள பதினொண்ணு எப்படி?"
குமாஸ்தா அடைக்கலம் கேட்டார்.
ஹைப்பர்வைசர் என்று தொடங்கி
அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.
"ஒரே வளவு, பதினொரு புள்ளி.
தனித்தனி அடுப்பு, தனித்தனிச் சாவி.
ஒரு வீட்டுக் குழம்பு
இன்னொரு வீட்டுக்கு மணக்காது."

"சண்டையில்லாம அப்படி ஒரு வளவா?
இந்த ஜில்லால காட்டுங்க,
நாளைக்கே ஆபீசைப் பூட்டிடுறோம்."

இரவெல்லாம் பச்சைக்கோடு நகர்ந்தது.
ஒற்றிப் பத்திரம், விடுதலைப் பத்திரம்,
சாட்சி ஒருவரின் கைநாட்டு,
ஒரு மருமகளின் நகைப் பட்டியல்,
எதிர்வாதி என்றே பெயராகிப்போன ஒரு தம்பி,
எல்லாம் ஒரு கேபிளில் போயின.
என்ன போகிறது என்று கேபிளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியலாம், பார்க்கக்கூடாது.
கொஞ்சம் பார்த்தேன்.

ஜமாலுதீன் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான்
எட்டாவது பெட்டியைக் கவனித்தோம்.
பழுப்பேறிய காகிதம், சிவப்பு மார்க்கர்:
அணைக்காதே.

கையெழுத்தில்லை. தேதியில்லை.
எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.
இந்த அறையில் மட்டும்
பதினான்கு வருடம் செல்லுபடியாகியிருக்கிறது.

எழுதியவர் மஸ்கட் போய்விட்டாராம்.
பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது.
ஒரு மணிநேரம் தட்டி, கெஞ்சி, திட்டி
உள்ளே நுழைந்து பார்த்தால்
அதற்கு ஒரே ஒரு வேலை:
தினமும் விடிகாலை நாலு பத்துக்கு விழித்து
ஒரு பாகப்பிரிவினை வழக்கின் அடுத்த தேதியை
பிரின்டருக்கு அனுப்புவது.
வாதி பிரதிவாதி நாற்பத்து மூன்று பேர்,
பத்தொன்பது பேர் காலமாகிவிட்டார்கள்.
பிரின்டர் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

தூக்கி எறியலாம் என்றான் ஜமாலுதீன்.
வழக்கு இன்னும் முடியலையே என்றார் அடைக்கலம்.
அதையும் உள்ளே ஏற்றினேன்,
இருமலோடு, தப்பாக ஓடும் கடிகாரத்தோடு.

ஞாயிறு மாலை சோதனை.
மேடம் வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.
புதுப்பெட்டி இரண்டில் ஒன்றின்
மின்கம்பியைப் பிடுங்கினேன்.
விளக்குகள் அவிந்தன.
அடைக்கலம் அந்தோணியாரைக் கூப்பிட்டார்.
மூன்று நிமிடம்.
செத்த பெட்டியில் குடியிருந்த ஆறும்
பக்கத்துப் பெட்டியில் எழுந்து உட்கார்ந்தன,
விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"வாரிசுச் சான்றிதழ்?"
தேவையில்லை என்றேன்.
"ஆட்சேபணை?"
யாரும் செய்யவில்லை.
"இதுக்கு நாங்க ஏழு வருஷம் எடுத்துக்கறோம்" என்று
இறங்கிப் போனார். சிரித்தாரா, தெரியவில்லை.

பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தோம்.
கடைசியில் எட்டாவது.
அப்புறம் அறையில் இருந்ததை
அமைதி என்று சொல்லமுடியாது.
கீழே மருந்துக்கடையில்
யாரோ இருமல் டானிக் கேட்பது கேட்டது.

அடைக்கலம் அந்தக் காகிதத்தைக் கிழியாமல் உரித்தார்.
"இப்ப இதை எங்க ஒட்டுறது?"
புதுப்பெட்டிகளைப் பார்த்தேன்.
எட்டாவது இந்த நிமிடம் எதில் இருக்கிறது,
அடுத்த நிமிடம் எதில் இருக்கும்,
விரல் நீட்டிச் சொல்ல என்னிடம் இடம் இல்லை.
சட்டைப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால்
மடித்து வைத்துக்கொண்டார்.

திங்கள் விடிகாலை நாலு பத்து.
லாட்ஜ் படுக்கையில் லேப்டாப்பைத் திறந்தேன்.
எட்டாவது எழுந்தது,
இல்லாத பிரின்டருக்கு ஒரு பக்கம் அனுப்பியது.
வரிசையில் காத்திருப்பவை:
நாலாயிரத்துச் சொச்சம்.

அழிக்கவா என்று திரை கேட்டது.
வாய்தா வாங்கினேன்.