கேட்டா, வா

'கணினிவழிச் சேர்க்கையில் பயனர் திருப்தி'
என்று தலைப்பிட்ட மூன்று தாளோடு
கேப் கோஸ்ட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஃபீஃபி.
ஒன்று என்றால் துளியும் இல்லை.
ஐந்து என்றால் முழுத் திருப்தி.
சரி, உட்காருங்கள்.
அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும்.

முதலில் என் சந்தேகம்: பயனர் யார்?
இங்கே வரும் பிள்ளைகள் விசைப்பலகையைத் தொடுவதில்லை.
சுரண்டிய அட்டையின் வெள்ளிப் பொடி
நகத்தில் ஒட்டியிருக்க
தேர்வு எண்ணை ஒப்பிப்பார்கள்.
தட்டுவது என் விரல்.
திரையும் என் பக்கம் பார்த்திருப்பதால்
பன்னிரண்டு வருடமாக
யார் தலையில் எது விழுந்தாலும்
முதலில் தெரிவது எனக்கு.
முகத்தை மாற்றாமல் இருக்கப் பழகிவிட்டேன்.
அதற்கு உங்கள் தாளில் கேள்வி இல்லை.

வேகமா? நான்கு போடுங்கள்.
மின்சாரம் இருந்தால் என்றும் எழுதுங்கள்.

போன வருடம் ட்சிக்போர்டி மகனோடு வந்தாள்.
நெத்திலி வியாபாரம்.
பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்றுதானே
நம் ஊரில் நெத்திலியைச் சொல்வார்கள்?
கரையில் கொட்டி, அளவு பார்த்து,
உடைந்ததைத் தனியே ஒதுக்கி
விடிந்ததிலிருந்து பிரிக்கிறவள்.
எலிகெமின் மதிப்பெண் நல்ல மதிப்பெண்.
ஐந்து பள்ளி எழுதியிருந்தான்,
ஐந்தும் கடலோரம்.

திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி
வந்து நின்ற ஊர்: வா.
நாட்டின் வடமேற்கு மூலை.
விடுதி இல்லை;
தினமும் வீடு திரும்பும் மாணவன்.

'வா' என்று சத்தமாகப் படித்துவிட்டேன்.
எங்கள் எவே மொழியில் அந்தச் சத்தம் ஓர் அழைப்பு.
பையன் எழுந்து
என் அருகே வந்து நின்றான்.

விளக்கிச் சொன்னேன்.
பள்ளி விட்டதும் பேருந்து ஏறினால்
அடுத்த நாள் மாலை கேட்டாவில் இறங்கலாம்.
அவன் சிரித்தான்.
அவள் கேட்டாள்: 'பிரித்தது யார்?'
கணினி என்றேன்.
'மீனைக் கையில் எடுக்காமலா?'

கேள்வி ஏழு, நியாயம்.
அட்டை வாங்கும்போது அவளே சொன்னாள்:
'என் அண்ணனுக்கு இடம் கேட்டு
தலைமையாசிரியர் வீட்டுக்கு இரண்டு ஆடு போனது.
இது ஆடு கேட்காது. எனக்கு இதுதான் பிடிக்கும்.'
அது ஐந்து.
பத்து நிமிடம் கழித்து
வாசல்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே
அவள் நின்ற நிலை இருக்கிறதே, அது ஒன்று.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி
மூன்று என்று எழுதிவிடாதீர்கள்.
இந்தக் கடையில் மூன்று என்று
ஒருவரும் சொன்னதில்லை.

போனானா என்றா கேட்கிறீர்கள்?
இது தாளில் இல்லையே.
போனான். ஒரு பெட்டி, ஒரு பாய்,
ஒரு பொட்டலம் பள்ளிக்கூடத்துப் பையன்கள்.
வெல்டிங் கடைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கல்.
அவர் பேசும் மொழி பாதி புரிகிறதாம்.
ஞாயிறு மாலை அழைப்பான்.
அவள் கைபேசி இங்கேதான் சார்ஜ் ஏறும்,
நான்தான் எடுப்பேன்.
'அம்மா கரையில் இருக்கிறாள்' என்றால்
'பரவாயில்லை, நீங்களே சொல்லுங்கள்,
கடல் இப்போது எதுவரை வந்திருக்கிறது?'

பத்தாவது என்ன?
இந்த அமைப்பை மீண்டும் பயன்படுத்துவீர்களா?
செவ்வாய்க்கிழமை முடிவு வருகிறது, தம்பி.
ஐம்பது அட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.