இரண்டாவது போட்டோ

பிக்கிலி ஏரிக்கரையில்
பதினோரு மணிக்கே கடப்பாரை சுடுகிறது.
ராகிக் காட்டுக்கு
மழை ரெண்டு மாசம் பாக்கி,
அதனால்தான் நூறுநாள் வேலைக்கு இத்தனை கூட்டம்.

இரண்டாவது போட்டோ ஏறாவிட்டால் கூலி இல்லை.
முக்காட்டை விலக்கி நிற்கிறோம்.
செல்போன் சொல்கிறது:
சூடு அதிகம், ஆறட்டும்.

பணித்தளப் பொறுப்பாளர் கெம்பம்மா பதறிப்போய்
அதை ஈரத்துண்டில் சுற்றிப்
புங்கமர நிழலில் கிடத்தினாள்,
முந்தானையால் விசிறினாள்.

போன வெள்ளிக்கிழமை
பச்சியம்மா இங்கேதான் சுருண்டு விழுந்தாள்.
அரைநாள் பிடித்தார்கள்.

போன் கண் திறந்தது.
"யாரும் அசையாதீங்க!"

ருத்ரி மட்டும் சட்டியைப் போட்டுவிட்டு
நிழலைப் பார்க்க நடந்தாள்.
படத்தில்
அவள் முதுகு இருக்கிறது,
ரவிக்கையில் உப்புப் பூத்து.