கூழாங்கல், காலணி அவசியம்

சலவை இயந்திரத்தின் மேல் மடிக்கணினி.
மேசையில் இடமில்லை,
கவினின் கணக்குத் தாள்கள்,
பாதி உரித்த மங்குஸ்தான்.
செங்காங், பதினோராவது மாடி, இரவு பத்தரை.
நாங்கள் ஒரு கடலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடல் இல்லாத ஊரா இது?
எந்தப் பேருந்தில் ஏறினாலும்
ஏதோ ஒரு முனையில் கடல்.
அதில் கப்பல்கள் நிற்கின்றன,
டாக்சி வரிசை போல,
விளக்கைப் போட்டுக்கொண்டு.
நீந்துவதென்றால் குளம்தான்,
மிதவைக் கயிறு கட்டிப் பங்கு பிரித்த நீலம்.
நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன்.
முதல் வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்கு
வயது ஐந்து. என்னைவிடத் தைரியம்.

சுகுமாருக்கு அந்தப் பக்கத் துறைமுகங்கள் மனப்பாடம்.
பாசிர் பாஞ்சாங்கில்
எந்தக் கொள்கலன் எந்த அடுக்கில் என்று
பத்தொன்பது வருடமாகத் திட்டம் போடுகிறார்.
வலென்சியா, ஜெனோவா, பிரேயஸ்.
அவருக்கு அவை ஊர்கள் அல்ல,
திரையில் நிறங்கள்.
"பிரேயஸ் பச்சை" என்றார்,
மாமா வீட்டுக் கதவைச் சொல்வது போல.

அம்பிகா அண்ணி குரல்பதிவு அனுப்பியிருந்தார்:
"அவ்வளவு காசைக் கொட்டி
யாருமே இல்லாத இடத்துக்கா?
கூட்டம் இல்லைன்னா
ஏதோ காரணம் இருக்கும்ல."

நால்வருக்கு விமானம், பிறகு படகு, பிறகு
நாளுக்கு இரண்டு முறை மட்டும் வரும் பேருந்து.
ஒன்பதாயிரத்து இருநூறு வெள்ளி.
எழுதி முடித்ததும்
இருவரும் கொஞ்ச நேரம்
துணி சுழல்வதையே பார்த்தோம்.

'அமைதியான கடற்கரை' என்று தேடினால்
ஆயிரம் பேர் போய் அமைதி என்று எழுதிய
கடற்கரைதான் வருகிறது.
எலெனி என்ற வீட்டுக்காரி மட்டும்
ஒளிக்காமல் எழுதினாள்:

மணல் கிடையாது. கூழாங்கல். காலணி அவசியம்.
கடை கிடையாது. மரம் ஒன்று.
அதன் நிழல் மதியம்வரை ஆடுகளுக்கு.
ஜூனில் தண்ணீர் குளிரும்.
பிள்ளைகள் முதலில் கத்துவார்கள்,
பிறகு வெளியே வரமாட்டார்கள்.

அப்போதுதான் தாரணி தண்ணீர் குடிக்க வந்தாள்.
காதுக் கருவிகளைக் கழற்றி
டப்பாவில் வைத்துவிட்டிருந்தாள்.
திரையைக் காட்டி, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்:
ரொம்ப அமைதியான இடம்.

சிரித்துவிட்டாள்.
"இதைக் கழற்றிட்டா எனக்கு
எல்லாக் கடலும் அமைதிதான்மா.
தண்ணி தெளிவா இருக்கான்னு கேளுங்க.
உள்ள போயிட்டா நீங்க கூப்பிடறது கேக்காது,
கையாட்டினா தெரியணும்.
கரையில நிறைய பேர் இருந்தா
எது உங்க கைன்னு தெரியாது."

குளிர்பதனப் பெட்டியைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வாரமாக நாங்கள் சல்லடை போட்டது
யாருடைய அமைதியை?
மேல்வீட்டில் மார்ச்சிலிருந்து தரை உடைக்கிறார்கள்.
என்னுடையதைத்தான் போலிருக்கிறது.

எலெனிக்கு மறுபடி எழுதினோம்.
கரையில் நின்றால் நீந்துபவர்
எவ்வளவு தூரம்வரை தெரிவார்?
பாறை ஏதும் மறைக்குமா?
காலை வெயில் யார் கண்ணில் விழும்,
நிற்பவர் கண்ணிலா, நீந்துபவர் கண்ணிலா?

சுகுமார் இரவு வேலைக்குக் கிளம்பினார்.
மஞ்சள் பாதுகாப்புச் சட்டையைப் பைக்குள் வைக்காமல்
வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தாரணியை எழுப்பித் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தேன்.

பதினோரு மாடி கீழே,
கார் நிறுத்துமிட விளக்கடியில்,
ஒரு மஞ்சள் புள்ளி இரு கைகளையும் தூக்கியது.
தாரணியும் தூக்கினாள்.
பக்கத்தில் குப்பை வண்டி ஓட்டுநர்,
அவருக்கும் அதே மஞ்சள்,
யாருக்கென்று தெரியாமல்
அவரும் ஒருமுறை கையாட்டிவிட்டுப் போனார்.

"வேற கலர் வாங்கணும்" என்றாள்,
கொட்டாவி விட்டபடி.

உள்ளே துணி துவைத்து முடித்த மணி
அடித்துக்கொண்டே இருந்தது.
எலெனியின் பதில் இன்னும் வரவில்லை.
அங்கே மாலை ஆறுகூட ஆகியிருக்காது.
தண்ணீரில் இருப்பாளோ என்னவோ.