மாதிரி பதினேழு

ஜூலையில் இந்த ஊரில்
உப்பு டப்பாவுக்குள்ளேயே கட்டியாகிவிடும்,
செருப்பு பூசணம் பிடிக்கும்,
மார்க்கர் மை நிற்காது.
பெட்டியில் இடமில்லையென்று
டிபன் பையில் போட்ட ஒரே கல், பதினேழாவது.
குர்லாவில் இறங்கியபோது மழை.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
அதன் வடக்கு
பையின் அடியில் நீலக் கறையாக இருந்தது.

ஸ்பிதியில் மூச்சு வாங்க வாங்க
சயாலி டிகிரி படிக்க
நான்தான் அம்பு போட்டேன்.
அம்பு முதலில், சுத்தியல் பிறகு.
அதில் தப்பில்லை.

காம்ப்ளே அறுத்து, ஒட்டி, தேய்த்துக் கொடுத்தார்:
தலைமுடியில் பாதிக் கனம்.
அந்தச் சுண்ணாம்புக்கல் வழியாக
அவருடைய மராத்திப் பேப்பரைப் படிக்கலாம்.

நுண்ணோக்கியில் கடல் அல்லி.
அல்லி என்று பேர்தான், பூ இல்லை.
தண்டில் நின்றபடி நீரை வடித்துத் தின்ற விலங்கு.
செத்ததும் தண்டு சில்லறையாக உதிரும்,
நடுவில் ஓட்டை போட்ட காசுகள்.
வட்டமாக இருந்தவை.
இங்கே எல்லாம் முட்டை.

ஒரு காசைக் கருப்புத் தையல் ஒன்று
குறுக்கே வெட்டியிருந்தது.
கரைவதெல்லாம் கரைந்து போக
கரையாத களிமண் மட்டும் கோடாகத் தங்கியிருக்கிறது.
இந்தப் பக்கம் அரைக் காசு.
மீதி அரை எங்குமே இல்லை.

நாற்பத்து மூன்று அளந்தேன்.
நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஒன்று புள்ளி ஏழு.
மலை எழும்போது எவ்வளவு நெருக்கியது என்று
மலையைக் கேட்டால் தெரியாது.
முன்னே வட்டமாயிருந்தது எதுவோ
அதைத்தான் கேட்க வேண்டும்.

"எந்தத் திசையில்?" என்றார் கர்ணிக் சார்.

என் பதினாறு கற்களும்
வடகிழக்கு, வடகிழக்கு என்கின்றன.
இருப்பதிலேயே தெளிவான முட்டை
பதினேழில்தான்.
நுண்ணோக்கியின் தட்டு சுழலக்கூடியது.
கொஞ்சம் திருப்பினேன்.
கால்சைட்டின் வரிகள் இருண்டு, வெளுத்து,
மறுபடி இருண்டன.
இன்னும் கொஞ்சம்.
பதினேழும் வடகிழக்கு என்றது.
இன்னும் திருப்பினால்
மேற்கு என்றாலும் சொல்லியிருக்கும்.
ஆய்வகத்தில் யாரும் இல்லை,
மின்விசிறி மட்டும்.

அட்டவணையில் எழுதினேன்:
அளவு 1.7. திசை தெரியாது.
சார் பார்த்துவிட்டு
"அப்போ வரைபடத்தில் போடாதே" என்றார்.
அவ்வளவுதான்.

எட்டே காலுக்கு ஹார்பர் லைன்.
மஸ்ஜித்தில் ஏறிய கூட்டம்
ஜி.டி.பி. நகர் வரை என்னைக் கதவோடு வைத்து அழுத்தியது.
எந்தப் பக்கத்திலிருந்து என்று
கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

டிபன் பையை
அம்மா மூன்று தரம் சோடா போட்டுத் துவைத்தாள்.
கல்லில் ஒரு மழைக்கு நிற்காத மை
துணியில் அப்படியே நிற்கிறது.