நேரக்கணக்குத் தாள்

பேர்ன் நகரம், பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று
பனியில் அசையாமல் நிற்கிறது.
உள்ளே நாலு கதிரை,
ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை.
நான் நாலாவது கதிரை.
மணிக்கு இவ்வளவு பிராங்க் என்று
இரண்டு மொழிக்கு நடுவில் குந்தியிருப்பவள்.

டாக்டர் ஏஷ்லிமான் மெதுவாகப் பேசுகிறார்.
மூளை இறந்துவிட்டது என்கிறார்.
மூளை இறந்துவிட்டது என்கிறேன்.
பவளமலர் ஓம் என்கிறா.
மூச்சை இயந்திரம்தான் விடுகிறது.
ஓம்.
இனித் திரும்பி வர வழியில்லை.
ஓம்.
டாக்டருக்கு அந்தச் சொல் தெரியும்.
எங்கள் ஆட்களிடம் அத்தனை தரம் கேட்டிருக்கிறார்.
பேனாவின் மூடியைக் கழற்றுகிறார்.

நான் குறுக்கிட வேண்டியிருந்தது.
மன்னிக்க வேண்டும், அது சம்மதமில்லை.
கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுமே,
அந்த ஓம்.
கேட்கிறேன், மேலே சொல்லுங்கள் என்கிற ஓம்.
பேனா திரும்பவும் மூடிக்கொண்டது.

மகன் துவாரகன் தகப்பனின் பணப்பையை
மேசையில் கொட்டினான்.
மிக்ரோஸ் அட்டை, அரை விலை ரயில் அட்டை,
சீட்டுக்காசு தர வேண்டியவர்களின் பெயர் எழுதிய துண்டு,
விளிம்பு தேய்ந்த ஒரு பிள்ளையார்.
எங்கேயும் ஓம் இல்லை.
இல்லையும் இல்லை.

சட்டம் மாறப்போகிறது என்று அறைக்குள் எல்லோருக்கும் தெரியும்.
இதுவரை ஓம் என்றவரிடம் எடுத்தார்கள்.
இனி இல்லை என்னாதவரிடமும் எடுக்கலாம்.
வாக்குச்சீட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது,
மகளின் பெயருக்கு.
சிவப்புக் கடவுச்சீட்டு அவளிடம்தான்.
நான் இருபத்தாறு வருஷமாய் சி அட்டை.
என் சொல்லை இந்த நாடு எண்ணியதில்லை,
என் மௌனத்தை இனி எண்ணும்.
கோபமில்லை. கணக்கைச் சொன்னேன்.

டாக்டர் கேட்கிறார்:
நீங்கள் விரும்புவதை அல்ல,
அவர் என்ன விரும்பியிருப்பார்?
ஜெர்மனில் அந்த வினைச்சொல்
நடக்காத ஒன்றின் மேல் கால் வைத்து நிற்கும்.
தமிழில் சொல்லும்போதுதான் கவனித்தேன்,
விரும்பியிருப்பார் என்பதற்குள்
இருப்பார் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.
பவளமலருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
அப்போதுதான் அழுதா.

பிறகு சொன்னா:
கறியில உப்பில்லாட்டியும் வாய் திறக்காத மனுசன்.
முப்பத்தொரு வருஷம்,
பேசாமல் இருந்தால் பிடிச்சிருக்கு எண்டு
நினைச்சு நினைச்சுச் சமைச்சன்.
போன மாசம்தான் மகனிட்டச் சொல்லியிருக்கிறார்,
தனக்குக் கத்தரிக்காய் ஆகாது எண்டு.

கத்தரிக்காய்க்கு ஜெர்மன் சொல்
சட்டென்று எனக்கு வரவில்லை.
டாக்டர் காத்திருந்தார்.
வந்ததும் சிரிக்கப் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மௌனம் சம்மதம் என்று எங்களிடம் ஒரு வழக்கு உண்டு.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

நெடுநேரம் கழித்து,
ஈரலைக் குடுங்கோ.
சிறுநீரகம் ரெண்டையும் குடுங்கோ.
இருதயம்,
சரி, அதையும்.
கண்ணை மட்டும் விடுங்கோ.
பத்தொன்பது வருஷம் பேக்கரியில இரவு வேலை,
நித்திரை காணாத கண்.
அது கொஞ்சம் மூடிக் கிடக்கட்டும்.

ஒரு சொல்லும் விடாமல் கொடுத்தேன்.
படிவத்தில் கண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது,
காரணத்துக்கு இல்லை.

வெளியே வந்து என் தாளில் எழுதினேன்:
எழுபது நிமிஷம்.
அதில் பேச்சு இருபது இருக்கும்.
மிச்சத்துக்கும் காசு தருகிறார்கள்.

வீட்டில் இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
எனக்கு ஒன்று நடந்தால், என்று தொடங்கினேன்.
விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன கதை என்றார்.
குழாயை அவர் மூடவில்லை.
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னேன்.
இரண்டு தரம் சொன்னேன்.