மிதவை எண்

பனியுடைக்கும் கப்பலின் நிரலில்
பதினோராயிரம் வரிகள்.
எழுதிய தௌனோ ஹௌதலா
வேலையை விட்டு இப்போது ராஹேயில்
மீனுக்குப் புகை போடுகிறான்.
போனை எடுப்பதில்லை.

ஊலுவில் பகல் மூன்று மணி.
ஜன்னலில் அதற்குள் இருட்டிவிட்டது.
பக்கத்து மேசையில் ஹில்கா
பெயர்களை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

பனிக்கனம் என்பது என்ன வகை?
ஆழம், என்கிறது நான்காவது கோப்பு.
ஆழம்?
நீளம்.
நீளம்?
பொதுக்கோப்பைப் பார்.
அங்கே, ஒரு நெடிய குறிப்புரைக்கு அடியில்,
நீளமென்றால் மிதவை எண். அவ்வளவுதான்.
அதற்குக் கீழே உரிக்கத் தோல் இல்லை.

கப்பல் நீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அது அமிழ்வு.
அமிழ்வு வேறு தெருவழியே வந்தது,
இரண்டு கோப்புகளைச் சுற்றிக்கொண்டு,
அதே மிதவை எண்ணில் முட்டி நின்றது.

எங்கள் கருவிக்குப் பரம திருப்தி:
இரண்டும் ஒரே வகை, பிழை ஏதுமில்லை.
பச்சை விளக்கு.

யாரும் தொகுக்காத ஒரு பழைய கோப்பில் மட்டும்
வேகம் என்றால் ஓட்டம், ஓட்டம் என்றால் வேகம் என்றிருக்க
கருவி காப்பி ஆறும்வரை சுற்றியது.
போன இடத்தில் ஒரு கோடு கிழித்து வை,
கோட்டைப் பார்த்தால் நில் என்று சொல்லிக்கொடுத்தோம்.
அது சுலபம்.

கடினம் அந்தப் பச்சை.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாம் வரியில்
பனிக்கனம் கேட்ட இடத்தில்
அமிழ்வைக் கொடுத்திருக்கிறான் தௌனோ.
எட்டு மீட்டர் பனி!
இந்த வளைகுடா கனவிலும் கண்டதில்லை.
திறந்த நீரில் கப்பல் மிரண்டு மிரண்டு பின்வாங்க
மூன்று குளிர்காலம் உணரியை மாற்றினார்கள்,
மாற்றிய உணரியை மாற்றினார்கள்,
ஒரு மாலுமியையும் மாற்றினார்கள்.

ஹில்கா இரண்டு ஏடு வைத்தாள்.
ஒன்றில் உரித்த வகை, ஒப்பிடுவதற்கு.
ஒன்றில் எழுதியவன் இட்ட பெயர், உரிக்காமல்.
வகை பொருந்திப் பெயர் பொருந்தாத இடத்தில்
மஞ்சள்.
நாலாயிரம் மஞ்சள் வந்தது முதல் ஓட்டத்தில்.
தலையில் கைவைத்துக்கொண்டேன்.
அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஆறு மணிக்கு ராஹேயிலிருந்து போன்.
பின்னால் யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம்.
வரியை வாசித்துக் காட்டினாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு தௌனோ சொன்னான்:
"ஏன், ரெண்டும் ஆழம்தானே?"