அரை விழுக்காடு

மே மாத ஞாயிறு. பியெலோ பொல்யேயில்,
என் மகன் ஏழாம் வாய்பாடு மறந்து நின்ற அதே வகுப்பறையில்,
கண்ணுக்குத் தெரியாத மையை
விரலில் தெளித்தார்கள்.
ஆம் என்பதை வட்டமிட்டேன்.
பேனா பாதியில் வறண்டது. உதறி, அழுத்தி
இன்னொரு முறை வட்டமிட்டேன்.
"அப்படியானால் உனக்கு இரண்டு வாக்கு"
என்றான் வெளியே வந்ததும் ராதொயே,
என் தம்பி,
பக்கத்துத் தடுப்பில் இல்லையை வட்டமிட்டவன்.
அப்போது இருவரும் சிரித்தோம்.

நூற்றுக்கு ஐம்பத்தைந்து வேண்டும் என்று விதித்திருந்தார்கள்.
ஐம்பத்தைந்தரை வந்தது.
நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்,
எண்களை ஆட்களாகத்தான் எனக்குத் தெரியும்.
அந்த அரையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.
மூன்று ரயிலில் ஏற்றிவிடலாம்,
சிலர் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும்.
அவ்வளவு பேர்
தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தால்
நான் வேறு நாட்டில் விழித்திருப்பேன்,
அதாவது பழைய நாட்டில்.

அன்றிரவு வானத்தைச் சுட்டார்கள்.
கார்கள் ஒலிப்பானை விடவே இல்லை.
சதுக்கத்தில் முன்பின் தெரியாத பல் மருத்துவரோடு ஆடினேன்,
ஐம்பத்திரண்டு வயதில், வலது செருப்பின் குதிகால் போகும் வரை.
பொய் சொல்லமாட்டேன், அப்படி ஒரு சந்தோஷம்
என் கல்யாணத்தில்கூட இல்லை.
பிறகு எங்கள் குடியிருப்பின் படிகள்.
மூன்றாம் மாடியில் ராதொயேயின் கதவுக்கடியில்
ஒரு கோடு வெளிச்சம்.
வென்றவள் நான்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
திருடியைப் போல அதைக் கடந்தேன்.

நதிக்கு எல்லை தெரியாது என்று
வானொலியில் ஒருவர் லிம் நதியைப் பற்றி உருகினார்.
நதிக்குத் தெரியாதது நிறைய.
எனக்குத் தெரிந்தது இது:
பெல்கிரேடு டிக்கெட்டை இனி
இடப்பக்க இழுப்பறையில் வைக்க வேண்டும்,
வெளிநாடு என்று எழுதிய இழுப்பறை.
அது எப்போதும் சிக்கிக்கொள்ளும்.
நோவி சாதில் மருந்தியல் படிக்கும் நெவென்கா,
ராதொயேயின் மகள், தொலைபேசியில் கேட்டாள்:
"அத்தை, நான் இப்போது அயல்நாட்டு மாணவியா?"
ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன்.
அவள் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்
என்று வைத்த பிறகுதான் உறைத்தது.

மூன்று வாரம் தம்பி என்னோடு பேசவில்லை.
நானும் போய்த் தட்டவில்லை.
ஜூன் பதினாறு, கதவைத் தட்டினான்,
கக்கத்தில் பிளம் சாராயப் புட்டி.
"என் டிவி கெட்டுப்போய்விட்டது."

உலகக் கோப்பை. எதிரே அர்ஜென்டினா.
எங்கள் பக்கம், செர்பியாவும் மாண்டினீக்ரோவும்:
கலைத்துவிட்ட நாட்டுக்காக
ஆட வந்திருந்த பதினொரு பேர்.
ஆட்டத்துக்கு முன் பழைய கீதம் ஒலித்தது.
எழுந்து நிற்பதா?
அவன் என்னைப் பார்த்தான்.
நான் வேர்க்கடலைத் தட்டைப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு.
மூன்றாவது கோலுக்கு
"இதற்கும் வாக்குப் போட்டாயா?" என்றான்.
வாயிலிருந்த சாராயம் மூக்கில் ஏறும்படி சிரித்தேன்.
நான்கு. ஐந்து.
ஆறாவது விழுந்தபோது
கன்னம் நனைந்திருந்தது.
எதற்கென்று கேட்காதீர்கள்,
நான் வேண்டாமென்று சொன்ன சட்டை
புல்தரையில் குனிந்து நடந்துபோயிற்று,
எனக்குத் தாங்கவில்லை.
"பந்தாட்டம்தானே, தான்கா" என்றான்,
வென்றவளைத் தோற்றவன் தேற்றினான்.

நாளைக்கே மறுபடி கேட்டால்
மறுபடியும் ஆம்தான்.
பேனா எழுதும்வரை அழுத்துவேன்.
அவனும் இல்லைதான், எனக்குத் தெரியும்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
புட்டியில் பாதியை விட்டுவிட்டு எழுந்தான்,
அடுத்த ஆட்டத்துக்கு வருவதாக.

தம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது
சுவருக்கு அப்பால் கேட்டது
அவனுடைய டிவி,
வானிலை சொல்லிக்கொண்டு,
இரண்டு நாட்டுக்கும்.